ஸ்பிரிங் மேல் அமர்ந்திருக்கும் இசையரங்கு

சோமனூர் வாசகர் ஒருவர் கேட்டிருந்தார்: பக்கத்துக் கட்டடத்தில் ஓடும் விசைத்தறியின் அடி, கதவு சன்னல்களை அடைத்த பிறகும் தம் வீட்டுக் கட்டில் வரை வருகிறதே, கப்பல்கள் போய்வரும் துறைமுகத்தில் நிற்கும் ஜெர்மனியின் ஹாம்பர்க் நகர இசையரங்கில் மட்டும் எப்படி அவ்வளவு அமைதி?

அவர் குறிப்பிடுவது 2017 ஜனவரியில் திறக்கப்பட்ட எல்ப்ஃபில்ஹார்மோனி. கொக்கோவும் தேயிலையும் புகையிலையும் அடுக்கப்பட்டிருந்த பழைய கிடங்கின் செங்கற்சுவர்கள் மேல், அலையடிக்கும் கூரையோடு 110 மீட்டர் உயரத்துக்கு எழும் அந்தக் கண்ணாடிக் கட்டடம்தான் இன்று அந்நகரத்தின் முகம். அதற்குள்ளேயே ஹோட்டலும் குடியிருப்புகளும் உண்டு.

காற்றில் வரும் ஒலியைக் கனமான சுவர் தடுத்துவிடும். தறியின் அடியோ தரையிலும் தூணிலும் ஏறி வருகிறது. ஆகவே, 2,100 பேர் அமரும் பெரிய அரங்கை, 12,500 டன் எடையுள்ள தனிக் கூடாகக் கட்டி, 362 ஸ்பிரிங் தொகுதிகள் மேல் அமர்த்தியிருக்கிறார்கள்.

இதன் சூட்சுமத்தை வீட்டிலேயே பார்க்கலாம். ரப்பர் வளையத்தில் ஒரு பூட்டைக் கட்டித் தொங்கவிட்டுக் கையை மெல்ல ஏற்றி இறக்கினால், பூட்டும் கூடவே வரும். சற்று வேகம் கூட்டினால் ஓரிடத்தில் அது கட்டுக்கடங்காமல் குதிக்கும். இன்னும் விரைவாக ஆட்டினால், கைதான் துடிக்குமே தவிர, பூட்டு ஏறக்குறைய அசையாமல் நிற்கும். மேலே கிளம்ப அது தயாராவதற்குள் கை கீழே வந்துவிடுகிறது. எனக்கு இதில் மிகவும் பிடித்தது கணக்கின் எளிமை. எடை எவ்வளவு, ஸ்பிரிங் எவ்வளவு விறைப்பு என்று தனித்தனியே தெரிய வேண்டியதில்லை. எடையை ஏற்றியதும் ஸ்பிரிங் 1 செ.மீ. அமுங்கினால் இயல்பான ஆட்டம், அதாவது ஒருமுறை தட்டிவிட்டால் அது தானாக ஆடும் வேகம், நொடிக்கு 5 முறை, 4 செ.மீ. அமுங்கினால் இரண்டரை முறை. நம் காது கேட்கத் தொடங்குவது நொடிக்கு 20 அதிர்வுகளில்; நொடிக்கு 5 முறை ஆடும் அமைப்பு அதில் பதினைந்தில் ஒரு பங்கைத்தான் மேலே விடும். அதற்கு மேற்பட்ட ஒலிகள் இன்னும் குறையும். ஒரே ஸ்பிரிங் மேல் எடை கூடக்கூட அமுக்கமும் கூடும் என்பதால், அரங்கின் கனம் இங்கே பாரமல்ல, பலம்.

நகரத்தின் பங்கு 7.7 கோடி யூரோ என்று தொடங்கி 78.9 கோடியில் முடிந்ததை ஹாம்பர்க் மக்கள் திட்டியதில் நியாயம் உண்டு. ஆனால் மண்டபம் கட்ட வாஸ்து பார்க்கும் நாம், ஒலிக்கணக்குப் பார்க்க ஒரு பொறியாளரைக்கூட அழைப்பதில்லை. மோட்டாரும் பம்பும் செய்யும் கோயம்புத்தூரில் அதிர்வுக் கணக்குத் தெரிந்தவர்களுக்கா பஞ்சம்?

வாசகரின் வீட்டை ஸ்பிரிங்கில் தூக்கி வைக்க வேண்டியதில்லை. தறியை வைத்தால் போதும், கணக்கு இருபுறமும் ஒன்றே. ஆனால் தறியை மட்டும் அப்படி வைத்தால் அதுவே கிடந்து ஆடும் என்பதால், முதலில் கனமான கான்கிரீட் மேடையில் அதை இறுக்கிப் பூட்டி, அந்த மேடைக்கடியில் ஸ்பிரிங் கொடுக்க வேண்டும். மேடைக்கும் தரைக்கும் இடையே ஒரு கரண்டி சிமெண்ட் கலவை விழுந்து இறுகினாலும், அந்த வழியே அடி மறுபடியும் கட்டிலுக்கு வந்துவிடும்.