தொட்டால் என்ன ஆகிவிடும்?

சுவரோவியங்களையும் கற்சிற்பங்களையும் பாதுகாப்பது என் தொழில். ஆயிரம் வருஷம் வெயிலும் மழையும் தாங்கிய கல், என் ஒரு விரல் பட்டா கெட்டுப்போகும் என்று பயணம் கிளம்புகிறவர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் அந்த விரலுக்குப் பின்னால் வரிசையில் எத்தனை ஆயிரம் விரல்கள் நிற்கின்றன என்று யோசியுங்கள்.

கம்போடியாவின் அங்கோர் வாட்டில், கை எட்டும் உயரத்தில் இருக்கும் அப்சரஸ் சிற்பங்கள் அங்கங்கே மெழுகு பூசியதுபோலக் கறுத்துப் பளபளக்கும். எல்லாம் கை பட்டுப் பட்டுத் தேய்ந்த இடங்கள். மணற்கல்லில் நுண்துளைகள் அதிகம், விரலின் எண்ணெய்ப் பசை அதற்குள் இறங்கிவிடும், பிறகு தூசி வந்து அதில் ஒட்டும். இப்படிப்பட்ட கறையை ஈரப் பஞ்சால் ஒற்றி ஒற்றி எடுத்திருக்கிறேன். பஞ்சு கறுத்து வரும், ஆனால் உள்ளே இறங்கியது வராது.

ஓவியங்களுக்கு நம் மூச்சே போதும். சீனாவில் தூன்ஹுவாங் அருகே உள்ள மோகாவோ குகைகள் பாலைவன ஓரத்தில் இருக்கின்றன, 492 குகைகளில் ஓவியமோ சிற்பமோ உண்டு. அங்கே பாறையிலும் காரையிலும் உப்பு இருக்கிறது. கூட்டமாக உள்ளே போய் நிற்கும்போது நம் மூச்சிலும் வியர்வையிலும் இருந்து வரும் ஈரத்தையும், கதவு திறக்கையில் நுழையும் ஈரக்காற்றையும் இழுத்துக்கொண்டு அந்த உப்பு கரையும். எல்லோரும் வெளியே போய்க் காற்று உலர்ந்ததும் மறுபடி படிகமாகும். படிகம் வளரும்போது காரையை முட்டித் தள்ளும். இது திரும்பத் திரும்ப நடந்தால் வண்ணம் செதில் செதிலாக உதிர்ந்துவிடும். அதனால்தான் அங்கே முன்பதிவும் ஒரு நாளைக்கு இத்தனை பேர் என்ற வரம்பும். முதலில் திரையில் படம் காட்டிவிட்டு, அப்புறம் சில குகைகளுக்கு மட்டும் கூட்டிப்போவார்கள். இவ்வளவு தூரம் வந்து இவ்வளவுதானா என்று தயவுசெய்து கோபப்படாதீர்கள்.

அஜந்தாவில் மண் காரை உலர்ந்த பிறகு அதன்மேல் தீட்டியிருக்கிறார்கள், வண்ணம் சுவரோடு இறுகிப் பிடித்திருக்காது. காப்பாற்ற நினைத்து 1920களில் பூசிய அரக்கு வார்னிஷ்கூடப் பின்னால் மஞ்சளித்துக் கறுத்தது. தொழில் தெரிந்தவர்களின் நல்லெண்ணமே அப்படி முடிந்திருக்கிறது என்றால், பிளாஷ் போடாதே என்பதில் ஏன் இவ்வளவு கண்டிப்பு என்று புரியும். இலங்கையின் சிகிரியா பாறையில் உள்ள ஓவியங்களைப் படமெடுக்கவே அனுமதி இல்லை. சரி, கண்ணால் பாருங்கள், அப்படிப் பார்த்தது அதிகம் நினைவில் நிற்கும்.

இந்தோனேசியாவின் போரோபுதூர் பௌத்த ஆலயத்தில் படிகள் செருப்பு பட்டே தேய்ந்துவிட்டதால், மேலே ஏறுகிறவர்களுக்கு ஓலையில் பின்னிய தனிச் செருப்பு தருகிறார்கள். மேலே ஏறத் தனி டிக்கெட், முன்கூட்டியே எடுத்துவிடுங்கள். ஒரே நாளில் மூன்று இடம் என்று திட்டம் போடாமல் ஒரே இடத்தில் அரை நாள் இருங்கள். கூட்டம் குறையும்போது போனால் உங்களுக்கும் நல்லது, சுவருக்கும் நல்லது. குழந்தைகள் வந்தால் முதுகுப்பையை முன்பக்கம் மாட்டச் சொல்லுங்கள், திரும்பும்போது பை உரசுவது யாருக்கும் தெரியாது.

சில இடங்களில் கூட வருகிற வழிகாட்டியே, தட்டிப் பாருங்கள், சத்தம் கேட்கும் என்பார். ஹம்பி விட்டலர் கோயில் இசைத்தூண்களைத் தட்டக் கூடாது என்று தடை இருக்கிறது. வேண்டாம், சொன்னாலே போதும் என்று மரியாதையாக மறுத்துவிடுங்கள். அதைப் பார்த்துப் பின்னால் நிற்பவரும் கையை இழுத்துக்கொள்வார்.