கொலம்பஸ்மேல் குற்றம் சாட்ட எந்தக் கடிதத்தை எடுப்பது?

கல்லூரியில் வரலாறு நடத்துகிறேன். அக்டோபரில் கொலம்பஸ் தினம் வந்தால் யாராவது ஒரு மாணவர் எனக்கு அந்தப் படத்தை அனுப்பிவிடுவார். கொலம்பஸ் முகம், பக்கத்தில் ஒன்பது, பத்து வயதுச் சிறுமிகளுக்கு இப்போது கிராக்கி என்று ஒரு வாசகம்.

வாசகம் கட்டுக்கதை இல்லை. 1500-இல் அவர் எழுதிய கடிதத்தில் இருப்பதுதான். ஆனால் யாருக்கு, எந்த நிலையில் எழுதினார்? பதவி பறிபோய், விலங்கு மாட்டி ஸ்பெயினுக்கு அனுப்பப்பட்ட நேரத்தில், இளவரசருக்குச் செவிலியாக இருந்த யுவானா தெ லா டோரே அம்மையாருக்கு. கரீபியக் கடலில் உள்ள ஹிஸ்பானியோலா தீவில் குடியேறிய ஸ்பானியர்கள் எவ்வளவு கெட்டவர்கள் என்று புலம்பிக்கொண்டு வரும்போது அந்த வரி வருகிறது. தான் விற்றதாகச் சொல்லவில்லை, அடுத்தவன்மேல் பழி போடுகிறார். ஆளுநர் அவர்தானே, ஏன் தடுக்கவில்லை என்று கேட்கலாம், கேட்கவும் வேண்டும். அது வேறு குற்றச்சாட்டு.

"அப்போ கொலம்பஸ் நல்லவரா சார்?" என்பார்கள். இல்லை. இதைவிட வலுவான சான்றுகளை யாரும் ஃபார்வர்டு செய்வதில்லை, அவ்வளவுதான்.

முதல் பயணத்திலிருந்து திரும்பும் வழியில், 1493 பிப்ரவரியில், அரண்மனை நிதி அதிகாரி சாந்தாங்கெலுக்கு ஒரு கடிதம் எழுதுகிறார். தங்கம், பருத்தி, மாஸ்டிக் பிசின் என்று தரக்கூடிய சரக்குகளை அடுக்கி, அதே வரிசையில் கேட்கும் அளவுக்கு அடிமைகளும் தருவதாகச் சொல்கிறார். எதிரி யாரும் எழுதியதல்ல, முதலீடு தேடும் மனிதர் தாமே விரும்பி எழுதியது.

1494 ஜனவரியில் அரசருக்கும் அரசிக்கும் அனுப்பிய கோரிக்கை மனுவில், கால்நடைகளைக் கப்பலில் அனுப்புங்கள், விலைக்குப் பதில் நரமாமிசம் தின்பவர்களை அடிமைகளாக அனுப்புகிறோம் என்கிறார். மனுவின் ஒவ்வொரு கோரிக்கைக்கும் அரண்மனையின் பதில் உண்டு. இந்த இடத்தில் உள்ள பதில், இப்போதைக்கு இது நிற்கட்டும் என்பது. அந்தக் காலத்தில் எல்லோரும் அப்படித்தான் என்று வாதாடுகிறவர்களுக்கு நான் காட்டுவது இந்தப் பதிலைத்தான்.

அவர் நிற்கவில்லை. 1495 பிப்ரவரியில் நடந்ததை மிக்கேலே தா குனேயோ எழுதிவைத்திருக்கிறார். கொலம்பஸின் நண்பர், கூடவே பயணம் செய்தவர், பகை எதுவும் கிடையாது. தீவின் பூர்வகுடிகளான தைனோ மக்கள் 1600 பேரைப் பிடித்து இசபெல்லா குடியேற்றத்துக்குக் கொண்டுவந்தார்கள். 550 பேரைக் கப்பலில் ஏற்றினார்கள். மீதிப் பேரில் வேண்டியவர்களை ஸ்பானியர்கள் எடுத்துக்கொள்ளலாம் என்று அறிவிப்பு. அப்புறமும் மிஞ்சிய சுமார் 400 பேரைப் போகவிட்டபோது, மறுபடி பிடித்துவிடுவார்களோ என்ற பயத்தில், கைக்குழந்தை வைத்திருந்த பெண்கள் குழந்தைகளைத் தரையில் போட்டுவிட்டு ஓடினார்கள். ஸ்பெயின் போகும் வழியில் சுமார் 200 பேர் செத்தார்கள், உடல்களைக் கடலில் வீசினோம் என்கிறார். குளிர் ஒத்துக்கொள்ளவில்லை போலும் என்று ஒரு காரணமும் சொல்கிறார். வருத்தத்தின் சாயலே இல்லாத எழுத்து. அதனாலேயே நம்புகிறேன்.

அரண்மனையும் தூய்மையானதல்ல. 1495 ஏப்ரல் 12-இல் இவர்களை விற்கச் சொன்னது, 16-ஆம் தேதியே இறையியலாளர்களையும் சட்ட வல்லுநர்களையும் கேட்கும்வரை பொறுக்கச் சொன்னது. 1500-இல் விற்றவர்களை விடுவித்துத் திருப்பி அனுப்ப ஆணையிட்டது. 1503-இல், கரீபியர், அதாவது நரமாமிசம் தின்பவர்கள் என்று முத்திரை குத்தியவர்களைப் பிடிக்க அனுமதித்தது.

கொலம்பஸை விசாரிக்க அரண்மனை அனுப்பிய பொபதில்லாவின் 1500 விசாரணை ஆவணத்தில்தான் நான் தயங்குவேன். சிமான்காஸ் காப்பகத்தில் கிடைத்து 2006-இல் அச்சானது. அடிமையாக்க வசதியாக இருக்கும் என்று தைனோக்களுக்கு ஞானஸ்நானம் தர கொலம்பஸ் விடவில்லை என்று அதில் சாட்சிகள் சொல்கிறார்கள். வாக்குமூலம் வாங்கிய பொபதில்லா, கொலம்பஸின் இடத்துக்கு ஆளுநராக வந்தவர், சாட்சிகளில் கொலம்பஸை வெறுத்தவர்கள் பலர். சரி, அதை மட்டும் வைத்து முடிவு சொல்ல வேண்டாம். 1498-இல் கொலம்பஸ் எழுதிய கடிதத்தைப் பக்கத்தில் வைத்துப் படிக்கச் சொல்வேன். அதன் மூலப்பிரதி இன்று இல்லை. ஸ்பானியப் பாதிரியார் லாஸ் காசாஸ் தம் நூலில் எடுத்தெழுதியதுதான் இருக்கிறது. அவரோ அடிமை முறையைக் கண்டித்தாலும் கொலம்பஸைக் கடவுள் தேர்ந்தெடுத்தவர் என்று நம்பியவர், இட்டுக்கட்ட வேண்டிய அவசியம் அவருக்கு இல்லை. அதில் பரிசுத்த திரித்துவத்தின் பெயரால் ஒரு கணக்கு: 4000 அடிமைகள், குறைந்தபட்சம் 2 கோடி மரவெதி (அக்கால ஸ்பானிய நாணயம்). அடுத்து பிரேசில் சாயமரம், அதற்கும் அதே விலை.