டிராக்டர் டிபரன்சியலும் டெர்பி பந்தயமும்

காணும் பொங்கலன்று தரங்கம்பாடி – திருக்கடையூர் சாலையில் எல்கைப் பந்தயம் பார்த்துவிட்டு வந்த பாலிடெக்னிக் மாணவர் ஒருவர் எனக்குக் கடிதம் எழுதியிருந்தார். சின்னக்குதிரை, நடுக்குதிரை, பெரிய குதிரை என்று வண்டிகள் வரிசையாகப் பறந்ததை ஒரு பக்கம் முழுக்க விவரித்துவிட்டுக் கடைசியில் கேட்டிருந்தார்:

“சார், பிப்ரவரியில் மும்பையில் நடக்கும் இந்தியன் டெர்பி குதிரைப் பந்தயத்தைச் செல்போனில் பார்ப்பேன். ஒரு குதிரைக்குப் பத்து ரூபாய்க்கு இருபது, இன்னொன்றுக்குப் பத்து ரூபாய்க்கு நூற்று அறுபது என்று போடுகிறார்கள். ஓட்டம் தொடங்கும் வரை அந்த எண் மாறிக்கொண்டே இருக்கிறது. அதை யார் உட்கார்ந்து கணக்குப் போடுகிறார்கள்? அதை வைத்து ஜெயிக்கும் குதிரையைக் கண்டுபிடிக்க முடியுமா?”

முதல் கேள்விக்குப் பதில்: யாரும் இல்லை. குதிரையைப் பற்றி ஒன்றுமே தெரியாத ஓர் இயந்திரம் அந்த எண்ணைச் சொல்கிறது. இரண்டாவது கேள்விக்குப் பதில் கொஞ்சம் நீளம்.

பந்தயம் கட்ட இரண்டு வழிகள் உண்டு. பந்தயத் தரகரான புக்கியிடம் கட்டினால் விலையை, அதாவது பத்து ரூபாய் கட்டி ஜெயித்தால் எவ்வளவு கிடைக்கும் என்பதை, சொல்பவர் அவர், லாப நட்டமும் அவருடையது. இன்னொன்று டோட். 1867 வாக்கில் பாரிஸில் ஜோசப் ஒல்லெர் என்பவர் கொண்டுவந்த முறை இது. எல்லோருடைய பணமும் ஒரே தொட்டியில் விழும். நடத்துபவர் தன் பங்கை முதலில் எடுத்துக்கொள்வார். மிச்சத்தை, ஜெயித்த குதிரையின் மேல் கட்டியவர்கள் கட்டிய விகிதப்படி பிரித்துக்கொள்வார்கள். தலைமடையில் எடுத்தது போக மீதிதான் கடைமடைக்கு என்பது நம் ஊரில் யாருக்கும் விளக்க வேண்டிய விஷயம் இல்லை.

ஒரு சின்னக் கணக்கு. ஐந்து குதிரைகள், தொட்டியில் ஒரு லட்சம் ரூபாய். முதல் குதிரையின் மேல் 40,000, அடுத்தடுத்தவற்றின் மேல் 25,000, 20,000, 10,000, 5,000. நடத்துபவர் 20 சதவீதம் எடுக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். மீதி 80,000. முதல் குதிரை ஜெயித்தால் 80,000-ஐ 40,000-ஆல் வகுக்க வேண்டும்: பத்து ரூபாய்க்கு இருபது. ஐந்தாவது குதிரை ஜெயித்தால் பத்து ரூபாய்க்கு 160. தம்பி செல்போனில் பார்த்தவை இப்படிப்பட்ட எண்கள்தான்.

இப்போது ஒருவர் ஐந்தாவது குதிரைதான் ஜெயிக்கும் என்று நம்பி இன்னொரு 5,000 கட்டுகிறார். தொட்டி 1,05,000 ஆகிறது, பங்கு போக மீதி 84,000. அந்தக் குதிரையின் மேல் இப்போது 10,000 இருப்பதால் பத்து ரூபாய்க்கு 84தான். 160-ஐப் பார்த்து ஆசைப்பட்டவர், கட்டிய மறுகணமே அதைப் பாதியாக்கிவிட்டார். டோட்டில் விலை என்பது நம் கை பட்டவுடன் சுருங்கும் தொட்டாற்சிணுங்கி.

சரி, இந்த எண் உயிரோடு இருக்க வேண்டுமென்றால் யாராவது கூட்டிக்கொண்டே இருக்க வேண்டுமே? மைதானத்தில் பல கவுன்ட்டர்கள். ஒரே நொடியில் நான்கு பேர் ஒரே குதிரைக்குச் சீட்டு கிழிப்பார்கள். ஒரு சீட்டுகூட விட்டுப்போகக் கூடாது. கணினி இல்லாத காலத்தில் இதை எப்படிச் செய்தார்கள்? எனக்கு இந்த விஷயம் முழுவதிலும் ரொம்பப் பிடித்த இடம் இதுதான்.

அதைச் சொல்லச் செம்பனார்கோவில் பக்கம் ஒரு டிராக்டர் பட்டறைக்குப் போக வேண்டும். போன புரட்டாசியில் அங்கே ஒரு டிராக்டரின் பின்சக்கரங்கள் இரண்டையும் தரையில் படாமல் ஜாக்கி வைத்துத் தூக்கியிருந்தார்கள். இன்ஜின் நிறுத்தம், கியர் விழுந்திருந்தது. “சார், இந்தச் சக்கரத்தைக் கையால முன்னாடி தள்ளுங்க” என்றார் மெக்கானிக். தள்ளினேன். எதிர்ப்பக்கச் சக்கரம் பின்னால் சுற்றியது. நான் அரைச் சுற்று முன்னே தள்ளினால் அது அரைச் சுற்று பின்னே. நிறுத்தினால் நின்றது. சேறு காய்ந்து உதிர்ந்த டயரைப் பிடித்தபடி அதைப் பத்துத் தடவையாவது செய்து பார்த்திருப்பேன்.

உள்ளே இருப்பது டிபரன்சியல். அதன் விதி ஒரே வரி: இரண்டு சக்கரங்களின் சுற்றுகளைக் கூட்டி இரண்டால் வகுத்தால், அது நடுவில் இருக்கும் கிரவுன் வீலின் சுற்றுக்கு எப்போதும் சமம் (இடையில் வேகத்தைக் குறைக்கும் பற்சக்கரங்களைக் கணக்கில் விட்டுவிடுங்கள்). பட்டறையில் கியர் பிடித்திருந்ததால் நடுச்சக்கரம் அசையவில்லை, அதன் சுற்று பூஜ்யம். ஆகவே ஒரு பக்கம் கூடினால் மறுபக்கம் அதே அளவு குறைந்தே தீர வேண்டும். நடவுக்குச் சேறு கலக்கும்போது ஒரு சக்கரம் புதைந்து நிற்க, இன்னொன்று மட்டும் சும்மா சுழலுமே, அதுவும் இதே விதிதான். அப்போது டிபரன்சியல் லாக்கை மிதிக்கிறோம். அதாவது இந்தக் கணக்கையே சற்று நேரம் நிறுத்தி வைக்கிறோம்.

இதைத் தலைகீழாக நினைத்துப் பாருங்கள். இன்ஜின் நடுச்சக்கரத்தைச் சுற்றுவதற்குப் பதிலாக, நாம் இரண்டு ஓரச் சக்கரங்களையும் சுற்றுகிறோம். இடது பக்கம் பத்துச் சுற்று, வலது பக்கம் ஆறு. நடுச்சக்கரம் எட்டுச் சுற்று. அதை இரட்டித்துக் காட்ட ஒரு பற்சக்கரத்தை வைத்துவிட்டால் பதினாறு. டிராக்டரின் பின்னச்சு கூட்டல் போட்டுவிட்டது! அழகு என்னவென்றால், இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் சுற்றினாலும் மோதல் கிடையாது. “நீ முதலில், நான் அப்புறம்” என்று காத்திருக்கவும் தேவையில்லை.

இடச்சக்கரத்தை ஒரு கவுன்ட்டர், வலச்சக்கரத்தை இன்னொரு கவுன்ட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். சீட்டு ஒன்று கிழிந்தால் சக்கரம் ஒரு பல் நகரும். இரண்டின் கூட்டுத்தொகை நடுவில் கிடைக்கிறது. இப்படி இரண்டு ஜோடிகளின் நடுச்சக்கரங்களை எடுத்து இன்னொரு டிபரன்சியலில் பூட்டினால் நான்கு கவுன்ட்டர்கள், அடுத்தது எட்டு, பதினாறு. கல்லணையில் பிரிந்து காவிரியாகவும் வெண்ணாறாகவும், பிறகு வாய்க்கால்களாகவும் சின்னக் கன்னி வாய்க்கால்களாகவும் வயல் வரை கிளைத்துப் போகிறதே தண்ணீர், அந்தப் படத்தைத் திருப்பி வையுங்கள். ஒவ்வொரு வயலிலிருந்தும் ஒரு சொட்டு கிளம்பி வாய்க்காலில் சேர்ந்து, ஆற்றில் சேர்ந்து, கடைசியில் கல்லணையில் மொத்தமாக நிற்கிறது. ஒவ்வொரு குதிரைக்கும் இப்படி ஒரு மரம், எல்லாவற்றுக்கும் மொத்தமாக இன்னொரு மரம். மொத்தத்தில் நடத்துபவரின் பங்கு போக மீதியைக் குதிரையின் தொகையால் வகுத்தால் விலை வந்துவிடும்.

இதைக் கட்டியவர் ஆஸ்திரேலியப் பொறியாளர் ஜார்ஜ் ஜூலியஸ். அவருடைய முதல் இயந்திரம் 1913-ல் நியூசிலாந்தின் ஆக்லாந்தில், எல்லர்ஸ்லி பந்தய மைதானத்தில் ஓடியது. பியானோக் கம்பிகளும் கப்பிகளும் இரும்புப் பெட்டிகளும் பின்னிக் கிடந்த பெரிய அறை அது. அடுத்தடுத்து வந்த அவருடைய இயந்திரங்களில் கூட்டல் வேலையைச் செய்தவை டிபரன்சியல் குடும்பத்தைச் சேர்ந்த பற்சக்கரங்கள். முதலில் அவர் நினைத்தது பந்தயத்தையே அல்ல, தேர்தலில் ஓட்டு எண்ணும் இயந்திரத்தை. அரசு வேண்டாம் என்றுவிட்டது. பந்தயக்காரர்கள் வேண்டும் என்றார்கள். அதே ஜூலியஸ்தான் 1926-ல் ஆஸ்திரேலிய அரசின் அறிவியல், தொழில் ஆராய்ச்சிக் குழுவின் முதல் தலைவரானார். நல்ல யோசனைக்கு அரசு பணம் தராவிட்டால் அது சூதாட்ட மைதானத்தின் வாசலில் போய் நிற்க வேண்டியிருக்கிறது என்பது எனக்கு இன்றும் வருத்தம் தரும் விஷயம்.

இனி இரண்டாவது கேள்வி. அந்த எண் ஜெயிக்கும் குதிரையைக் காட்டுமா?

ஓரளவு காட்டும். ஊர் மொத்தமும் தனக்குத் தெரிந்ததைப் பணமாகச் சொல்லியிருக்கிறது. குதிரை சுமக்கும் எடை, தூரம், மழையில் ஊறிய புல்தரை, மேலே உட்கார்ந்து ஓட்டும் ஜாக்கி, கடைசியாக ஓடி எத்தனை நாளாயிற்று என்று ஒவ்வொருவருக்கும் ஒரு துண்டு விஷயம் தெரியும். தவறுகள் ஒன்றையொன்று அடித்துக்கொள்ள, உண்மை மிஞ்சுகிறது. 1906-ல் இங்கிலாந்தின் பிளைமவுத் கால்நடைச் சந்தையில் ஒரு மாட்டின் இறைச்சி எடையைச் சீட்டில் எழுதிப் போடும் போட்டி நடந்தது. பிரான்சிஸ் கால்டன் என்ற ஆங்கிலேய அறிஞர் அந்தச் சீட்டுகளை வாங்கி வந்து ஆராய்ந்தார். செல்லுபடியானவை 787. அவற்றின் இடைநிலை அளவு, அதாவது சிறியதிலிருந்து பெரியதாக அடுக்கினால் நட்டநடுவில் நிற்கும் எண், 1207 பவுண்டு. மாட்டின் உண்மையான எடை 1198. நூற்றுக்கு ஒன்றுகூடப் பிசகவில்லை!

ஆனால் இதில் ஒரு கோணல் உண்டு. 1949-ல் கிரிஃபித் என்ற உளவியலாளர் அமெரிக்கப் பந்தயங்களை ஆராய்ந்து சொன்னார்: ஜெயிக்க வாய்ப்பு மிகக் குறைவான குதிரைகளின் மேல் மக்கள் தகுதிக்கு மீறிக் கட்டுகிறார்கள், வாய்ப்பு அதிகமான குதிரைகளின் மேல் தகுதிக்குக் குறைவாகக் கட்டுகிறார்கள். சின்ன நிகழ்தகவை மனம் பெரிதாக்கிக் காண்கிறது என்று 1979-ல் கானிமன், ட்வெர்ஸ்கி என்ற உளவியலாளர்கள் இருவரும் இதற்கு ஒரு கோட்பாடே எழுதினார்கள். பத்து ரூபாய்க்கு எண்ணூறு என்றால் நமக்கு எண்ணூறுதான் கண்ணில் படுகிறது.

ராசி எண் பார்த்துக் கட்டுபவர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஜோசியர் மூன்று என்று சொன்னதால் நூறு பேர் மூன்றாம் நம்பர் குதிரையின் மேல் கட்டினால், அதன் வேகம் இம்மியும் கூடாது. மேலே போட்ட கணக்குப்படி அதன் விலை மட்டும் குறையும். அந்த நூறு பேரும் சேர்ந்து தங்கள் பங்கைத் தாங்களே சுருக்கிக்கொள்கிறார்கள். கிரகத்தைக் கூப்பிட்டுவந்து வகுத்தல் கணக்கில் உட்காரவைக்க முடியாது. ஜாதகத்தை எடுத்துக்கொண்டு பந்தயத்துக்குப் போகிறவர்களை அப்படிக் கட்டாதீர்கள் என்று நான் இதற்காகவே கெஞ்சிக் கேட்டிருக்கிறேன்.

பிறகு யாருமே ஜெயித்ததில்லையா? ஹாங்காங்கில் வில்லியம் பெண்ட்டர் என்ற அமெரிக்கர் கணினி வைத்து ஜெயித்தார். 1994-ல் அவர் வெளியிட்ட கட்டுரையில் இருக்கும் மிக நேர்மையான விஷயம் இது: தன் கணினியின் கணிப்பும் கூட்டத்தின் விலையும் முரண்பட்ட இடங்களில் உண்மை பெரும்பாலும் நடுவில் இருந்தது. கூட்டத்தின் விலையையும் தன் கணக்குக்குள் ஒரு விவரமாகச் சேர்த்த பிறகுதான் அவருடைய கணிப்பு தேறியது. வருடக்கணக்கான தரவு, கணினி, ஆள்பலம் இருந்தவருக்கே கூட்டத்தின் துணை தேவைப்பட்டது.

குதிரையின் உடம்பும் லேசில் பிடிபடாது. வாயால் மூச்சுவிட முடியாத பிராணி அது. நாலுகால் பாய்ச்சலில் ஒரு தாவலுக்கு ஒரு மூச்சு. ஓடத் தொடங்கியதும் மண்ணீரல் தான் சேமித்து வைத்த சிவப்பணுக்களை ரத்தத்தில் கொட்டும். நிமிடத்துக்கு முப்பது நாற்பது தடவை துடித்த இதயம் இருநூறைத் தாண்டும். இத்தனையும் அன்றைக்கு, அந்த இரண்டரை நிமிடத்தில், சரியாக நடக்க வேண்டும். 2022-ல் கென்டக்கி டெர்பியை ரிச் ஸ்ட்ரைக் என்ற குதிரை ஜெயித்தது. ஒன்றுக்கு எண்பது என்று கூட்டமே ஒதுக்கி வைத்திருந்த குதிரை அது.

இப்போது அந்த ஐந்து குதிரைக் கணக்குக்குத் திரும்புவோம். எல்லாக் குதிரைகளின் மேலும் விகிதப்படி கட்டினால் யார் ஜெயித்தாலும் நூறு ரூபாய்க்கு எண்பதுதான் திரும்ப வரும். கூட்டத்தைவிடக் கொஞ்சம் கெட்டிக்காரராக இருந்தால் போதாது, இருபது சதவீதத்தைத் தாண்டும் அளவுக்குக் கெட்டிக்காரராக இருக்க வேண்டும். இந்தியாவில் இதற்கு மேல் ஜிஎஸ்டி வேறு. 2023 அக்டோபரிலிருந்து கட்டும் தொகை முழுவதற்கும் 28 சதவீதம், 2025 செப்டம்பர் 22 முதல் 40. குதிரைப் பந்தயம் திறமை சார்ந்தது என்று 1996-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது உண்மைதான். திறமை இருக்கிறது. அந்தத் திறமை நாற்பதைத் தாண்டுமா என்பதுதான் கேள்வி. அப்பாவின் சிநேகிதர் ஒருவர் சம்பா விற்ற பணத்தோடு கும்பகோணத்திலிருந்து இரவு ரயிலில் சென்னைக் கிண்டி ரேஸுக்குப் போவார். திரும்பி வந்த மறுநாள் எங்கள் திண்ணையில் உட்கார்ந்து ஒன்றும் பேசாமல் வெற்றிலை மடித்துக்கொண்டிருப்பார். எனக்கு அப்போது பத்து வயது. அவருக்கு இந்த எண்பது ரூபாய்க் கணக்கை யாரும் சொல்லித் தரவில்லையே என்று இப்போது நினைக்கிறேன்.

துண்டு துண்டான விவரங்களிலிருந்து மொத்தத்தை மதிப்பிடும் அதே கணிதம் நம் ஊரில் வேறு இடத்தில் தேவைப்படுகிறது. பயிர்க் காப்பீட்டுக்காக நெல் வயலில் ஐந்துக்கு ஐந்து மீட்டர் சதுரம் கட்டி அறுத்து, எடை போட்டு, கிராமத்தின் மகசூலை மதிப்பிடுகிறார்கள். ஓர் ஏக்கரில் இப்படி 160-க்கும் மேற்பட்ட சதுரங்கள் அடங்கும். ஒரு வருவாய்க் கிராமத்தில் அறுத்துப் பார்ப்பதோ விரல்விட்டு எண்ணும் அளவுதான். புள்ளியியல் அறிஞர்கள் மகலனோபிஸும் சுகாத்மேயும் வளர்த்தெடுத்த மாதிரிக் கணக்கெடுப்பு அறிவியல் நம் நாட்டின் பெருமை. அதை வயலில் சரியாகச் செய்ய ஆளுக்கும் தராசுக்கும் பயிற்சிக்கும் இன்னும் பணம் ஒதுக்க வேண்டும். வெள்ளத்தில் பயிர் போனவருக்கு வரும் இழப்பீடு அந்தச் சில சதுரங்களில்தான் தொங்குகிறது.

மாசியில் எங்கள் தாளடி அறுவடை. களத்துமேட்டில் ஒரு பிஸ்கட் டப்பாவில் துளை போட்டு வைக்கப்போகிறேன். வண்டிக்காரர், அறுவடை மிஷின் டிரைவர், நெல் வியாபாரி, வேடிக்கை பார்க்க வரும் பிள்ளைகள் என்று யார் வந்தாலும் ஒரு மா நிலத்துக்கு எத்தனை மூட்டை காணும் என்று, பக்கத்தில் இருப்பவரிடம் கேட்காமல், ஒரு சீட்டில் எழுதிப் போட வேண்டும். பணம் கிடையாது. எடை போட்டு முடித்த அன்று சாயங்காலம் டப்பாவைத் திறந்து இடைநிலையைக் கண்டுபிடிக்க வேண்டிய வேலை, கடிதம் எழுதிய தம்பியுடையது. வரும் வழியில் அந்தப் பட்டறையிலும் இறங்கிச் சக்கரத்தை ஒரு தடவை தள்ளிப் பார்த்துவிட்டு வரச் சொல்லியிருக்கிறேன்.