காய்ச்சல் இறங்கியது, மடி கறுத்தது

சென்ற வாரம் மடிநோயோடு வந்த பசுவின் மடியில் கை வைத்ததுமே தெரிந்துவிட்டது. பின்பக்கத்து ஒரு காம்பும் அதன் மேற்பகுதியும் சில்லென்று, நீலம் பாய்ந்து கறுத்திருந்தன. பீய்ச்சினால் இரத்தம் கலந்த நீர்தான் வந்தது. “மூன்று நாளாக ஊசி போட்டோம் டாக்டர். முதல் நாளே காய்ச்சல் இறங்கித் தீனி எடுத்ததே!” என்றார் உரிமையாளர். என்ன ஊசி என்று அவருக்குத் தெரியவில்லை. சட்டைப்பையிலிருந்து காலிப் புட்டியை எடுத்து நீட்டினார். டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு மருந்து. இந்த மாதத்தில் எனக்கு இது நான்காவது புட்டி.

கிருமி மடிக்குள் நுழைந்ததும் அங்குள்ள செல்களின் டிஎல்ஆர் ஏற்பிகள் அதை அடையாளம் காண்கின்றன. சமிக்ஞை கைமாறிக் கைமாறி, கடைசியில் என்எஃப்-கப்பா பி என்ற புரதம் உட்கருவுக்குள் போய் அழற்சி மரபணுக்களை முடுக்கிவிடுகிறது. காய்ச்சலும் அதன் விளைவுதான், கிருமியை விழுங்கும் வெள்ளணுக்களான நியூட்ரோஃபில் படை மடிக்கு வருவதும் அதன் விளைவுதான். ஸ்டீராய்டு இரண்டையும் சேர்த்தே அடக்குகிறது. கிருமியை அது தொடுவதே இல்லை.

இதைவிட எரிச்சல் தருவது, “இரத்தத்தில் நியூட்ரோஃபில் ஏறியிருக்கிறது, எதிர்ப்பு சக்தி கூடிவிட்டது” என்று அறிக்கையை ஆட்டிக் காட்டுவது. கூடவில்லை ஐயா! நியூட்ரோஃபில் இரத்தக் குழாயின் சுவரைப் பற்றி, உருண்டு, ஒட்டி, இடுக்கு வழியே திசுவுக்குள் இறங்க வேண்டும். முதல் பிடிக்கு அதனிடம் இருப்பது எல்-செலக்டின் என்ற கொக்கி. டெக்சாமெத்தசோன் அந்தக் கொக்கியையே குறைத்துவிடுகிறது. பிடி இல்லாத செல்கள் இரத்தத்திலேயே சுற்றுகின்றன. ஊசியில் எடுத்து எண்ணினால் கணக்கு ஏறத்தானே செய்யும்? மடியில் ஆள் இல்லை. கன்று ஈனும் வேளையில் பசுவின் உடலே சுரக்கும் கார்டிசால் என்ற ஸ்டீராய்டு ஹார்மோனும் இதே வேலையைச் செய்கிறது. ஈன்ற புதிதில் மடிநோய் மிகுவதற்கு அதுவும் ஒரு காரணம். அந்த நேரத்தில் நாமும் வெளியிலிருந்து ஏற்ற வேண்டுமா?

ஸ்டீராய்டு என் பையிலும் இருக்கிறது. எப்போது, எத்தனை முறை, எதனோடு சேர்த்து என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. காய்ச்சல் என்றதும் அதைப் போடச் சொல்லாதீர்கள். நிறைசினை மாடு என்றால் கன்று வீசிவிடும். சினையை மறைக்காமல் சொல்லுங்கள். மடி வீங்கினால் மருந்து ஏற்றும் முன்பே பால் மாதிரி எடுக்கச் சொல்லுங்கள். ஊசி போட்டவரிடம் மருந்தின் பெயரைக் கேளுங்கள், கூச்சப்படாதீர்கள். சொல்ல மறுத்தால் புட்டியையாவது கேட்டு வாங்கி வையுங்கள். அந்தப் பசுவின் உரிமையாளர் புட்டியை எறியாமல் வைத்திருந்ததால்தான் எனக்கு ஒரு நாள் மிச்சமானது. பசு பிழைத்துக்கொண்டது, மூன்று காம்போடு.