கிணற்றை மூடிவிட்டோம் சார்!

"கிணற்றை மூடிவிட்டோம் சார். லோடு லோடாக மண் போட்டு, மேலே ரோலரும் ஓட்டியாகிவிட்டது." அஸ்திவாரம் தோண்டும்போது பழைய கிணறு அகப்பட்ட வீட்டுக்காரர்கள் பெரும்பாலும் இந்த வாக்கியத்தோடுதான் என்னிடம் வருகிறார்கள். பொறியாளரிடம் கேட்கவேண்டியதை ஜேசிபி ஓட்டுநரிடம் கேட்டு, அவர் சொன்னபடி வேலையையும் முடித்து, மாடியும் எழுப்பி, சுவர் பிளந்த பிறகு என்னை அழைக்கிறார்கள். போன வாரமும் ஒருவர் அழைத்தார். பொறுமை போய்விட்டது, எழுதிவிடுகிறேன்.

கோவைக்குக் கிழக்கே, தோட்டத்தைப் பிரித்துப் போட்ட மனை அது. தரைத்தளமும் முதல் மாடியும் கொண்ட வீடு. மூலை அறையின் ஜன்னல் ஓரத்திலிருந்து சாய்வாக ஒரு விரிசல் இறங்கியிருந்தது. பூச்சு வெடிப்பு என்று மேஸ்திரி பட்டி வைத்து அடைத்திருந்தார், பட்டியும் பிளந்திருந்தது. அதே அறையில் தரை ஓடு கீழே இறங்கி, சுவருக்கும் தரைக்கும் நடுவே விரல் நுழையும் இடைவெளி. வெளியே மூலைத் தூணை ஒட்டிக் கொஞ்சம் தோண்டச் சொல்லி, கடப்பாரையை ஊன்றச் சொன்னேன். இரண்டு குத்துக்குப் பிறகு அது தன் எடையிலேயே இறங்கியது. இழுத்தபோது நுனியில் கறுத்த சேறும் சிமென்ட் சாக்கின் பிளாஸ்டிக் நூலும் ஒட்டியிருந்தன. பத்தடி தள்ளி அதே கடப்பாரை சுக்கான் பாறையில் பட்டுத் தெறித்தது. அந்த மூலைத் தூண் கிணற்றின் மேல் நிற்கிறது. மற்றத் தூண்கள் பாறைமேல் நிற்கின்றன. வீடு முழுவதும் ஒரே அளவாக இறங்கினால்கூட ஓரளவு தாங்கும். ஒரு மூலை மட்டும் இறங்குவதை எந்தச் செங்கல் சுவரும் தாங்காது.

"ரோலர் ஓட்டினோமே?" என்றார் வீட்டுக்காரர். இந்த ரோலர் நம்பிக்கையைத்தான் என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. சாதாரண ரோலர் இறுக்குவது மேலே உள்ள ஓர் அடி மண்ணை. அதனால்தான் சாலை போடுகிறவர்கள் மெல்லிய அடுக்காகக் கொட்டி, நனைத்து, ஒவ்வோர் அடுக்கின் மேலும் ரோலரை ஓட்டுகிறார்கள். நாற்பதடிக் கிணற்றை வாய் வரை நிரப்பிவிட்டு மேலே ரோலர் ஓட்டினால், முப்பத்தொன்பது அடிக்கு ஒன்றுமே ஆகவில்லை.

கிணற்றுக்குள் என்ன நடக்கிறது என்று பாருங்கள். மேலிருந்து கொட்டிய மண் அடியில் கிடக்கும் தண்ணீரில் விழுந்து கூழாகிறது. அதன்மேல் இடித்த வீட்டின் செங்கல், கான்கிரீட் துண்டு, மரம், சாக்கு எல்லாம் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து, நடுவில் பொந்து விட்டு நிற்கின்றன. மரமும் குப்பையும் மக்கினால் இன்னும் பொந்து. மேலே போட்ட மண் சுற்றுச்சுவரைப் பிடித்துக்கொண்டு தொங்குகிறது. மேலே நடந்தால் கெட்டியாகத்தான் இருக்கும். ஐப்பசி மழையில் நிலத்தடி நீர் ஏறும், கோடையில் இறங்கும். ஏறி இறங்கும் ஒவ்வொரு தடவையும் மண் பொந்துக்குள் வழிந்துபோகும். "இரண்டு மழை பார்த்த மண், இனி இறங்காது" என்ற வாதத்துக்கும் இதுதான் பதில். அந்த மண்ணின் மேல் நீங்கள் இன்னும் தூணை வைக்கவில்லை. சாதாரண மாடி வீட்டில்கூட ஒரு தூண் முப்பது நாற்பது டன் சுமையை இறக்கும். மழை மட்டும் பார்த்த மண்ணுக்கு அந்தச் சுமை புதிது.

என்னதான் செய்வது? முதல் வழி, செலவில்லாத வழி: தூணை நகர்த்துங்கள். அஸ்திவாரக் குழி மட்டத்தில் கிணறு தெரிந்தால் வரைபடத்தை மாற்ற இன்னும் நேரம் இருக்கிறது. கிணறு வாசலிலோ வண்டி நிறுத்தும் இடத்திலோ விழும்படி வீட்டைத் தள்ள முடிந்தால் பாதித் தலைவலி தீர்ந்தது. முடியாவிட்டால், கிணற்றுக்கு வெளியே, அசையாத மண்ணில் இருபுறமும் பைல் (ஆழத்துக்கு இறக்கும் கான்கிரீட் தூண்) இறக்கி, நடுவே கிணற்றைத் தாண்டும் உத்தரம் போட்டு, அதன்மேல் தூணை நிறுத்தவேண்டும். சின்ன வீட்டுக் கிணறாக இருந்தால், வீட்டின் அடி முழுவதும் ஒரே கான்கிரீட் பலகையாகப் போடும் ராஃப்ட் அஸ்திவாரமே பாலமாக நிற்கும்படி வடிவமைக்கலாம். ஆனால் கொங்குப் பக்கத்துத் தோட்டக் கிணறுகளின் அகலத்துக்கு அந்தக் கதை எடுபடாது. எதுவானாலும் கணக்குப் போட்டுத்தான் செய்யவேண்டும். கம்பியைக் கூடுதலாகப் போட்டால் சரியாகிவிடும் என்று மேஸ்திரி சொல்வது கணக்கு ஆகாது.

மூடித்தான் ஆகவேண்டுமென்றால் தண்ணீரை இறைத்து, வண்டலை இயந்திரத்தால் அள்ளி, நீர்மட்டத்துக்கு மேல் வரும்வரை மணலும் ஜல்லியும் போட்டு, அதற்கு மேல் கிராவலை அடுக்கடுக்காக நனைத்து இறுக்குங்கள். சுற்றுச்சுவரின் மேல் நாலைந்து அடியை உடைத்தெடுங்கள். இத்தனையும் செய்த பிறகும் அங்கே தூண் வேண்டாம். தென்மேற்கில் கிணறு ஆகாது என்று வாஸ்துக்காரர் அவசரப்படுத்துவார். மூடுவது பற்றி அவர் சொல்லட்டும், எப்படி மூடுவது என்பதை அவரிடம் கேட்காதீர்கள்.

இதைவிட அவசரமானது ஒன்று இருக்கிறது. கிணற்று வாய் தெரிந்ததும் "எவ்வளவு ஆழம் பார்க்கலாம்" என்று யாராவது ஒரு பையனை இறக்குவார்கள். ஐயா, இறக்காதீர்கள். வருடக்கணக்காக மூடிக்கிடந்த கிணற்றில் சுவாசிக்கக் காற்று இருக்கும் என்று யார் சொன்னது? முதல் ஆள் மயங்கி விழுவார், அவரைத் தூக்க அண்ணன் இறங்குவார், அவரைத் தூக்க மேஸ்திரி இறங்குவார். இந்த வரிசையில் செய்தி எத்தனை முறை படித்திருக்கிறீர்கள்? மெழுகுவர்த்தி இறக்கிப் பார்த்தோம், எரிந்தது என்பார்கள். ஆக்சிஜன் 19.5 சதவீதத்துக்குக் கீழே போனாலே ஆள் இறங்கக்கூடாது. மெழுகுவர்த்தி ஏறத்தாழ 16 சதவீதம் வரை எரிந்துகொண்டிருக்கும். ஹைட்ரஜன் சல்பைடு என்ற நச்சுவாயு இருந்தாலும் மெழுகுவர்த்தி எரியும். மீத்தேன் சேர்ந்திருந்தால் வெடிக்கும். அழுகிய முட்டை நாற்றம் முதலில் அடித்துப் பிறகு நின்றுபோனால் வாயு போய்விட்டது என்று எண்ணாதீர்கள், மூக்கு மரத்துப்போயிருக்கலாம். யாராவது உள்ளே விழுந்துவிட்டால் 101 அல்லது 112. தீயணைப்பு மற்றும் மீட்புப் பணித் துறையினர் மூச்சுக் கருவியோடு வருவார்கள். அதுவரை மேலேயே நில்லுங்கள். கல் நெஞ்சம் என்று யாரும் ஏசினாலும் நில்லுங்கள்.

குழாய்த் தண்ணீர் வந்த பிறகு கழிப்பறைக் குழாயைப் பழைய கிணற்றுக்குள் திருப்பிவிட்ட வீடுகள் நகரங்களில் நிறைய. மண் கறுத்து நாறினால் அது கழிவுநீர்த் தொட்டி என்றே வைத்துக்கொள்ளுங்கள். பாதுகாப்பு ஏற்பாடு இல்லாமல் அப்படிப்பட்ட தொட்டியில் ஆளை இறக்கிச் சுத்தம் செய்யவைப்பதை, கையால் மலம் அள்ளும் வேலையை ஒழிக்க வந்த 2013-ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. வேலைக்கு வைத்த வீட்டுக்காரரும் அதில் மாட்டுவார்.

கிணறு தெரிந்த அன்றே ஜேசிபியை நிறுத்துங்கள். விளிம்புக்கு அருகே வண்டியும் வேண்டாம், மண்மேடும் வேண்டாம். பழைய செங்கல் சுற்று எந்த நேரமும் சரியும். இரவில் கம்பி வேலியும் கனமான மூடியும் இருக்கட்டும், மேலே தென்னை ஓலை போடுவது மூடியாகாது. 2019 அக்டோபரில் மணப்பாறை அருகே நடுக்காட்டுப்பட்டியில் குழந்தை விழுந்த பிறகு ஆழ்துளைக் குழிகளைப் பற்றி ஊரெல்லாம் பேசினோம். மனைக்குள் வாய் திறந்து கிடக்கும் வெட்டுக் கிணறு யார் கண்ணுக்கும் படவில்லை.

மனை வாங்கும்போதே கண்டுபிடிக்க வழி உண்டு. வக்கீலிடம் மூலப்பத்திரத்தைக் கொடுத்து வில்லங்கம் மட்டும் பார்க்கச் சொல்கிறீர்கள். சொத்து விவரத்தில் "இதிலுள்ள கிணறும், அதில் பூட்டியுள்ள மின்மோட்டார் பம்புசெட்டும்" என்று ஒரு வரி இருக்கிறதா, அதையும் படியுங்கள். "கிணற்றில் நாலில் ஒரு பங்கு" என்றிருந்தால் இன்னும் உஷார். மீதிப் பங்குக்காரர்கள் இருக்கிறார்கள், மூட உங்களுக்கு மட்டும் உரிமை இல்லை. உட்பிரிவு ஆவதற்கு முந்தைய புலப்படத்தையும் (நில அளவை வரைபடம்) பழைய அடங்கலையும் (கிராமப் பயிர்க் கணக்கு) வாங்கிப் பாருங்கள். கூகுள் எர்த்தில் பழைய வருடப் படங்களைப் புரட்டினால் பல கிணறுகள் கறுப்பு வட்டமாகத் தெரியும். பக்கத்துத் தோட்டத்துப் பெரியவரிடம் கேட்டால் கமலை ஓட்டிய கதையோடு இடத்தையும் காட்டுவார்.

நல்ல கிணறாக இருந்து, கழிவுநீர் கலக்காமல் இருந்தால், மூடவே வேண்டாம் என்பதுதான் என் கட்சி. மாடி மழைநீரை மணல் வடிகட்டி வழியாக அதற்குள் விடுங்கள். தமிழ்நாட்டில் மழைநீர் சேகரிப்பு 2003-லேயே கட்டாயமாகிவிட்டது, உங்களுக்குக் குழி வெட்டும் செலவு மிச்சம். சுடுமண் உறைகளால் ஆன கிணறாகவோ, சிலை ஏதும் தட்டுப்பட்டதாகவோ இருந்தால் கிராம நிர்வாக அலுவலருக்குச் சொல்லிவிட்டு வேலையை நிறுத்துங்கள். அது பழம்பொருளாக இருக்கலாம், அதற்கு வேறு சட்டம்.

கிணற்றைப் படமெடுத்து அனுப்பி "மூடிவிடலாமா சார்?" என்று கேட்கிறவர்களுக்கு: படம் போதாது. விட்டம், ஆழம், நீர்மட்டம், பக்கத்துத் தூணிலிருந்து தூரம், இவற்றை எழுதி அனுப்புங்கள். ஆழம் பார்க்கக் கயிற்றில் கல்லைக் கட்டி இறக்கினால் போதும்.