கோஹார்ட்: பொருளும் வேரும் தமிழும்

கொரோனா பெருந்தொற்றுக் காலத்தில் பள்ளிகளைத் திறக்கலாமா வேண்டாமா என்ற விவாதத்தில் அடிக்கடி காதில் விழுந்த சொல் கோஹார்ட். ‘பிள்ளைகளைக் கோஹார்ட்டாகப் பிரித்துவிட்டால் திறக்கலாம்’ என்றார்கள் ஒரு தரப்பினர். ‘அதெல்லாம் ஏட்டளவில்தான்’ என்றார்கள் மறு தரப்பினர். தமிழில் எழுதியவர்கள் பெரும்பாலும் ‘குழு’ என்று போட்டுவிட்டு நகர்ந்தார்கள். அப்படிப் போட்டதில் முக்கியமான ஒன்று விடுபட்டுப் போனது.

பள்ளி தொடர்பாகக் கோஹார்ட் என்பதன் பொருள் இது: குறிப்பிட்ட சில மாணவர்களும் அவர்களுக்கான ஆசிரியரும் நாள்தோறும் தங்களுக்குள் மட்டும் சேர்ந்திருப்பார்கள். ஒரே அறை, ஒரே நேரத்தில் சாப்பாடு, மைதானத்தில் ஒரே மூலை. மற்றக் குழுக்களோடு கலக்க மாட்டார்கள். இன்று பத்துப் பேர், நாளை வேறு பத்துப் பேர் என்று ஆள் மாறினால் அது வெறும் குழுதான். ஆள் மாறாமல் இருப்பதுதான் இந்தச் சொல்லின் உயிர்.

ஏன் மாறக்கூடாது? இரண்டு காரணங்கள். கிருமி ஒரு குழுவுக்குள் நுழைந்தாலும் அடுத்த குழுவுக்குத் தாவ வழி குறைகிறது. அப்புறம், ஒரு பிள்ளைக்குத் தொற்று உறுதியானால் யார் யாரோடு இருந்தார்கள் என்று தேடி அலைய வேண்டியதில்லை. அந்தக் குழுவை மட்டும் வீட்டில் இருக்கச் சொல்லிவிட்டு மற்றவர்களுக்கு வகுப்பைத் தொடரலாம். பள்ளி முழுவதையும் பூட்டாமல் இருப்பதற்கான ஏற்பாடு இது. 2020 ஏப்ரலில் உலகெங்கும் 150 கோடிக்கும் மேற்பட்ட மாணவர்கள் பள்ளிக்குப் போக முடியாமல் இருந்தார்கள் என்பது யுனெஸ்கோ கணக்கு. அந்த நிலையில் இப்படியொரு வழி எவ்வளவு பெரிய ஆறுதலாக இருந்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

இனி, சொல்லின் வேர். லத்தீனில் ‘கோஹார்ஸ்’ என்றால் அடைப்புக்குள் இருக்கும் முற்றம், பண்ணைத் தொழுவம். தோட்டத்தைக் குறிக்கும் ‘ஹோர்டுஸ்’ இதற்கு உறவு. அடைப்பைக் குறித்த சொல் மெல்ல அதற்குள் இருப்பவர்களைக் குறிக்கத் தொடங்கியது. ரோமானியப் படையில் லீஜியன் என்ற பெரும்படைப் பிரிவு ஒன்றுக்குப் பத்துக் கோஹார்ட்; பொதுவாக ஒன்றில் ஏறக்குறைய 480 வீரர்கள். இதே லத்தீன் சொல்தான் பிரெஞ்சு வழியாகப் போய் ‘கோர்ட்’ ஆனது. முற்றம் அரசவையாகி, அரசவை நீதிமன்றமாகியிருக்கிறது.

படையிலிருந்து நோயியலுக்கு எப்படி வந்தது? அமெரிக்கத் தொற்றுநோயியல் அறிஞர் வேட் ஹாம்ப்டன் ஃபிராஸ்ட் 1930களில் காசநோய் இறப்புகளை ஆராய்ந்தார். ஒரே பத்தாண்டில் பிறந்தவர்களை ஒரு கூட்டமாக எடுத்துக்கொண்டு, வயது ஏற ஏற அவர்களிடையே இறப்பு எப்படி மாறுகிறது என்று பார்த்தார். அந்தக் கூட்டத்துக்குக் கோஹார்ட் என்று பெயர் வைத்தார். அந்தக் கட்டுரை அவர் மறைந்த பிறகு 1939இல் வெளியானது. அங்கும் பொருளின் அடிநாதம் மாறவில்லை. ஒருமுறை வரையறுத்த கூட்டத்தில் பாதியில் புதிதாக யாரையும் சேர்ப்பதில்லை.

2020இல் இந்தக் கருத்துக்கு நாட்டுக்கொரு பெயர் கிடைத்தது. இங்கிலாந்தில் பபுள், அதாவது குமிழி, என்றார்கள். இஸ்ரேலில் கேப்சூல். ஸ்பெயின் அரசு தன் மொழியிலேயே, ‘நிலையாகச் சேர்ந்து வாழும் குழு’ என்ற பொருள் வரும்படி ஒரு தொடரை வைத்தது. மூன்றில் எனக்குப் பிடித்தது ஸ்பானியப் பெயர்தான். படிக்கிற பெற்றோருக்கு என்ன செய்ய வேண்டும் என்பது அந்தப் பெயரிலேயே தெரிந்துவிடுகிறது.

பெயர் ஒன்று இருக்க நடைமுறை வேறாகப் போனதையும் சொல்லியாக வேண்டும். டென்மார்க் 2020 ஏப்ரல் 15 அன்று சின்னப் பிள்ளைகளுக்குப் பள்ளிகளைத் திறந்தபோது வகுப்புகளைப் பிரித்துச் சிறு குழுக்களாக்கினார்கள், மேசைகளைத் தள்ளிப் போட்டார்கள், முடிந்த பாடங்களை வெளியே நடத்தினார்கள். அங்கே சொல்லுக்கு அர்த்தம் இருந்தது. இங்கிலாந்தின் உயர்நிலைப் பள்ளிகள் பலவற்றிலோ, ஒரு ஆண்டு மாணவர்கள் எல்லோரும் சேர்ந்து ஒரே பபுள். மேல்வகுப்பில் பிள்ளைக்குப் பிள்ளை பாடம் வேறு என்பதால் சிறிதாகப் பிரிக்க வழியில்லை. பபுள் பெரிதாக இருந்ததால், ஒரு தொற்று தெரிந்தாலே ஏராளமான பிள்ளைகள் வீட்டுக்குத் திரும்ப வேண்டியிருந்தது. 2021 ஜூலை நடுவில் அங்கே கொரோனா தொடர்பான காரணங்களால் பள்ளிக்கு வராதவர்கள் 10 லட்சத்தைத் தாண்டினார்கள். அவர்களில் மிகப் பெரும்பாலோர் தொற்று உறுதியானவர்கள் இல்லை, தொற்றாளரோடு தொடர்பில் இருந்ததாகக் கருதப்பட்டவர்கள். அந்த மாதமே பபுள் முறை கைவிடப்பட்டது. அதே ஆண்டில் 201 பள்ளிகளில் நடந்த ஓர் ஆய்வில், தொடர்பில் இருந்த மாணவர்களைப் பத்து நாள் வீட்டில் வைப்பதற்குப் பதிலாகத் தினமும் பரிசோதித்துப் பள்ளிக்கு வரவிட்டாலும் பரவல் குறிப்பிடும்படி கூடவில்லை என்று தெரிந்தது.

இஸ்ரேல் கதை இன்னும் வலிக்கும். 2020 மே நடுவில் பள்ளிகள் முழுதாகத் திறந்தன. எருசலேமில் ஒரு பள்ளியில் வகுப்புக்கு 35 பேருக்கு மேல். கடும் வெயில் என்று சில நாள் முகக்கவசத்துக்கு விலக்கு கொடுத்தார்கள். ஏசி ஓடிக்கொண்டே இருந்தது. முடிவில் 153 மாணவர்களுக்கும் 25 ஊழியர்களுக்கும் தொற்று. கோஹார்ட் என்பது குழுவுக்கும் குழுவுக்கும் நடுவில் போடும் வேலி. அறைக்குள் நிற்கும் காற்றை அது தொடுவதே இல்லை. ஜன்னலைத் திறப்பது, முகக்கவசம், கூட்டத்தைக் குறைப்பது ஆகியவற்றையும் சேர்த்துச் செய்தால்தான் பலன். பள்ளி வண்டியிலும் டியூஷனிலும் எல்லாக் குழுப் பிள்ளைகளும் தோளோடு தோள் இடித்து உட்கார்ந்தால், காலையில் வகுப்பறையில் பிரித்து வைத்ததற்குப் பொருளில்லை. அண்ணன் ஒரு குழு, தங்கை ஒரு குழு, வீடு ஒன்று என்பதையும் கணக்கில் வைக்க வேண்டும். ஆசிரியர்கள் படும் பாடும் சாதாரணமல்ல: ஒரு வகுப்பை இரண்டாகப் பிரித்தால் ஒரே பாடத்தை இரண்டு முறை நடத்த வேண்டும், அல்லது கூடுதல் ஆசிரியர் வேண்டும். இதைச் சொல்லாமல் ‘பிரித்து நடத்துங்கள்’ என்று மட்டும் ஆணையிடுவது நியாயமில்லை.

சரி, தமிழில் என்ன சொல்லலாம்? ‘குமிழி’ பபுளை அப்படியே பெயர்த்தது. கேட்பவருக்கு நீர்க்குமிழிதான் நினைவுக்கு வரும். ‘அணி’ என்றால் போட்டி நினைவு. ‘நிலைக்குழு’ பொருத்தமாகத் தோன்றும், ஆனால் நாடாளுமன்றக் குழுக்களுக்கு அந்தப் பெயர் எப்போதோ போய்விட்டது. பழந்தமிழில் ‘ஆயம்’ என்ற அழகான சொல் உண்டு. பசுக்கூட்டத்துக்கும் தலைவியோடு எப்போதும் கூடவே இருக்கும் தோழியர் கூட்டத்துக்கும் அதே பெயர். தொழுவத்திலிருந்து கூட்டத்துக்கு வந்த லத்தீன் சொல்லுக்கு இவ்வளவு நெருக்கமாக வேறு சொல் எனக்குக் கிடைக்கவில்லை. ஆனால் இன்று ஆயம் என்றால் தீர்ப்பாயமும் ஆணையமும்தான் காதில் விழும். உரையாசிரியர்கள் தொல்காப்பியரையும் பனம்பாரனாரையும் ‘ஒருசாலை மாணாக்கர்’ என்பார்கள். ஒரே இடத்தில் கூடிப் படித்தவர்கள் என்ற பொருள் அருமையாகப் பொருந்தினாலும், அது பள்ளி முழுவதையும் குறித்துவிடும்.

என் தேர்வு ‘மாறாக்குழு’. ஆசிரியர், பெற்றோர், வண்டி ஓட்டுநர் யார் படித்தாலும் விளக்கம் தேவைப்படாது. ‘உங்கள் பிள்ளை மூன்றாம் மாறாக்குழு, அந்தக் குழுவோடு மட்டுமே வருவார், அமர்வார், திரும்புவார்’ என்று அறிவிப்பில் எழுதலாம். ஃபிராஸ்ட் பயன்படுத்திய ஆய்வுப் பொருளுக்கு இது அவ்வளவு ஒட்டாது. அங்கே ஒரு கூட்டத்தை ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து கவனிப்பதுதான் வேலை என்பதால் ‘தொடர்குழு’ என்றும், அத்தகைய ஆய்வைத் ‘தொடர்குழு ஆய்வு’ என்றும் சொல்லலாம்.