அக்ரிமென்ட்ல கையெழுத்து போட்டாச்சு, இப்போ வேண்டாம்னா விட்டுடுவாங்களா?

ஊருக்குப் பக்கத்துல பைபாஸ் வரப்போகுதுன்னு ஒரு பேச்சு கிளம்பினா போதும், கொஞ்ச நாள்ல எங்க ஆபீஸுக்கு நிலம் விக்கற அக்ரிமென்ட் ஜெராக்ஸோட ஆளு வந்துடும். 35 லட்சத்துக்குப் பேசி 3 லட்சம் அட்வான்ஸும் வாங்கி கையெழுத்து போட்டாச்சு, இப்போ வேற பார்ட்டி 42 தர்றேங்கறான். "அட்வான்ஸ ரெண்டு மடங்கா குடுத்துடறேன் சார், அதோட முடிஞ்சுதுல்ல?"

முடியாது. இந்த ரெண்டு மடங்கு கதைய யாரு கிளப்பிவிட்டாங்களோ, புரோக்கர்ல இருந்து ஊர்ப் பெரியவங்க வரைக்கும் சட்டமே அப்படித்தான்னு சத்தியம் பண்றாங்க. 1963ஆம் வருஷ ஸ்பெசிஃபிக் ரிலீஃப் ஆக்ட் 23வது பிரிவு என்ன சொல்லுதுன்னா, மீறினா இவ்ளோ பணம் தரணும்னு அக்ரிமென்ட்ல எழுதியிருந்தாலும் அது விக்கறவர் மீறாம இருக்கறதுக்காகப் போட்டதுன்னா, அதைக் காரணமா வச்சு பத்திரம் போட்டுத் தர்றதுல இருந்து தப்பிக்க முடியாது. "விக்கலாம், இல்லேன்னா இந்தப் பணத்தைக் குடுத்துட்டு விலகிக்கலாம்"னு விக்கறவருக்கே சாய்ஸ் குடுத்து எழுதியிருந்தா மட்டும்தான் அந்தக் கதவு திறக்கும். நம்ம ஊர் அக்ரிமென்ட்ல அப்படி எழுதறவங்க ரொம்பக் கம்மி.

முன்னாடியெல்லாம் பத்திரம் போட்டுக் குடுன்னு சொல்றதும், சரி அட்வான்ஸ திருப்பிக் குடுத்துடுன்னு விடறதும் ஜட்ஜோட விருப்புரிமைன்னு சட்டத்துலயே இருந்துச்சு. 2018 அக்டோபர் 1ல இருந்து நடைமுறைக்கு வந்த திருத்தத்துல அதை எடுத்துட்டாங்க, வாங்கறவர் பக்கம் எல்லாம் ஒழுங்கா இருந்தா பத்திரம் போட்டுக் குடுன்னு தீர்ப்பு வர்றதுதான் இப்போ வழக்கம்.

அடுத்து வர்ற சமாதானம், "சார் ரிஜிஸ்டரே பண்ணல, சும்மா ஸ்டாம்ப் பேப்பர்ல எழுதினதுதான்." தமிழ்நாட்டுல 2012 டிசம்பர் 1ல இருந்து சொத்து விக்கற அக்ரிமென்டையும் ரிஜிஸ்டர் பண்ணியே ஆகணும், உண்மைதான். ஆனா ரிஜிஸ்டர் பண்ணாத அக்ரிமென்டையும் பத்திரம் கேட்டுப் போடற கேஸ்ல சாட்சியமா எடுத்துக்கலாம்னு 2023 ஏப்ரல்ல நம்ம தமிழ்நாட்டு வழக்குலயே சுப்ரீம் கோர்ட் சொல்லிடுச்சு. ரிஜிஸ்டர் பண்ணினதுன்னா இன்னும் சிக்கல், ஈசில (வில்லங்கச் சான்றுல) ஏறிடும், அதைப் பார்க்காம புதுசா வாங்கறவர் "எனக்குத் தெரியாது"ன்னு சொன்னா எடுபடாது, அவரையும் கேஸ்ல சேர்த்து அவரும் சேர்ந்து கையெழுத்து போடணும்னு தீர்ப்பு வரும்.

இதைப் படிச்சுட்டு வாங்கறவங்க ரொம்ப குஷியாக வேண்டாம். கேஸ் போட 3 வருஷம் டைம் இருக்கு, அக்ரிமென்ட்ல பத்திரம் முடிக்க தேதி போட்டிருந்தா அந்த தேதில இருந்து, தேதியே போடலைன்னா மாட்டேன்னு அவங்க சொன்னது தெரிஞ்ச நாள்ல இருந்து. அந்த 3 வருஷத்தை நம்பித் தூங்கறவங்கதான் ஜாஸ்தி. மதுரைல ஒரு வீடு, 1978 டிசம்பர்ல 60,000 ரூபாய்க்குப் பேசி 5,000 குடுத்து ஆறு மாசத்துல முடிக்கறதா அக்ரிமென்ட், வாங்கறவர் ரெண்டு வருஷத்துக்கு மேல சும்மா இருந்துட்டு விலை ஏறினதுக்கப்புறம் நோட்டீஸ் விட்டாரு. 1997ல சுப்ரீம் கோர்ட் பத்திரம் கிடையாதுன்னுடுச்சு. அதனால மிச்சப் பணம் ரெடின்னு காட்டற பேங்க் ஸ்டேட்மென்ட், லோன் சாங்ஷன் லெட்டர், கெடு முடியறதுக்குள்ள ஒரு நோட்டீஸ், இதெல்லாம் கைல இருக்கணும். வாட்ஸ்அப்ல "எப்ப சார் ரிஜிஸ்ட்ரேஷன்"னு கேட்டதும் உதவும், அழிச்சுடாதீங்க. கோர்ட் ஃபீஸ் 3 பர்சன்ட், 35 லட்சம் சொத்துக்கு 1,05,000 ரூபா, அதையும் மனசுல வச்சுக்கங்க.

விக்கறவர் கேக்காமலே அட்வான்ஸ உங்க அக்கவுண்டுக்குத் திருப்பி அனுப்பிட்டா பேசாம இருக்காதீங்க. நான் ஒத்துக்கலைன்னு உடனே எழுத்துல சொல்லி பணத்தைத் திருப்பி அனுப்புங்க, இல்லேன்னா "வாங்கி வச்சுக்கிட்டாரே, அதோட கேன்சல்தான்"னு கோர்ட்ல நிப்பாங்க.

வாங்கறவரே பின்வாங்கினா? விக்கறவர் பத்திரம் முடிக்கச் சொல்லி கேஸ் போடறது நடைமுறைல அபூர்வம், சண்டை முழுக்க அட்வான்ஸ் மேலதான். தாய்ப்பத்திரத்துல ஓட்டை, ஒரு வாரிசு கையெழுத்து போடல, மைனர் பங்குக்கு கோர்ட் பர்மிஷன் வாங்கல, இப்படி டைட்டில்லயே கோளாறுன்னா பணத்தைத் திருப்பிக் கேக்கற உரிமை உண்டு. லோன் கிடைக்கலைங்கறது அப்படி இல்ல. லோன் ரிஜெக்ட் ஆனா அட்வான்ஸ் திரும்பணும்னு ஒரு வரி எழுதாம விட்டிருந்தா அட்வான்ஸ் போகும் வாய்ப்பு நெறைய. பெங்களூரு கேஸ் ஒண்ணுல 55.5 லட்சம் சொத்துக்கு 20 லட்சம் அட்வான்ஸ் குடுத்தவருக்கு அது திரும்பக் கிடைக்கவே இல்ல, 2025ல சுப்ரீம் கோர்ட் அதை சரின்னுடுச்சு. மனுவுல பணத்தைத் திருப்பித் தரச் சொல்லி அவர் கேக்காம விட்டதும் ஒரு காரணம். பத்திரம் கேட்டு கேஸ் போடும்போதே, அது இல்லேன்னா அட்வான்ஸாவது வேணும்னு சேர்த்துக் கேக்கணும். (அட்வான்ஸ பிடிச்சு வச்சுக்கற விக்கறவருக்கு ஒரு தகவல், அது உங்க வருமானம், இன்கம் டாக்ஸ் உண்டு.)

சண்டையில்லாம பிரியணும்னா ரெண்டு பேரும் உக்காந்து பேசி ரத்துப் பத்திரம் போடறதுதான் வழி. அக்ரிமென்ட் ரிஜிஸ்டர் ஆயிருந்தா ரத்தையும் ரெண்டு பேரும் சேர்ந்து ரிஜிஸ்டர் பண்ணணும். விக்கறவர் மட்டும் தனியா போய் கேன்சல்னு எழுதிக் குடுத்தா செல்லாது, பழைய அக்ரிமென்ட் ஈசிலயே நிக்கும், அடுத்து வாங்க வர்றவரோட பேங்க் லீகல் ஒப்பீனியன்ல முதல் கேள்வியே அதுதான். பணம் கைமாறினது எந்த தேதி, எந்த செக் நம்பர்னு அந்த ரத்துலயே எழுதிடுங்க, 20,000 ரூபாயோ அதுக்கு மேலயோ கேஷா வாங்காதீங்க, குடுக்காதீங்க, ஒரிஜினல் அக்ரிமென்டைக் கையோட திருப்பி வாங்கிக்கங்க.